காளியம்மாவின் எருமை

கல்யாணமாகி ஐந்து மாதம் ஆன பிறகும், தன் மாமியாருக்குத் தோட்டத்தில் எருமை ஓட்டும் வேலை என்றுதான் சாந்தினி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மலேசியாவின் ஜொகூர் பாரு நகரத்தில், பதினோராவது மாடி வீட்டில் வளர்ந்தவள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை நெடுஞ்சாலை பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். தீபனைக் கட்டிக்கொண்டு குளுவாங்குக்கு வந்த பிறகு, தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது மாமியார் காளியம்மா குளித்து முடித்து, சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். கை வெங்காயத்தில் இருக்கும், வாய் தோட்டத்தில் இருக்கும்.

"இன்னைக்கும் எருமை பாதி வழியில படுத்துக்கிச்சும்மா. வெயில்ல நின்னுக்கிட்டு என்ன செய்யச் சொல்ற?"

"வயசாயிருச்சா அத்தை?"

"எங்க வயசு, பதினாலு மாசம்தான் ஆகுது."

"தீனி சரியா குடுக்குறாங்களா?"

"நான்தான் குடுக்குறேன். மூணு மணிக்கு வேலை முடிஞ்சதும் முத வேலை அதுதான். அதுல நான் கொற வச்சதே இல்ல."

பதினாலு மாதக் கன்றை வேலைக்குப் பூட்டுகிறார்களே என்று சாந்தினிக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் புது மருமகள் தோட்ட விஷயத்தில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

காளியம்மா மட்டும் மருமகளின் வேலையைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. குளுவாங்கில் பேட்டரி விற்று, பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் சாந்தினி டெக்னீஷியன். 'பேட்டரி டெஸ்ட் பண்றேன் அத்தை' என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். காளியம்மா மனதில் ஏசி அறை, மேசை, கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன பேட்டரிகள் வரிசையாக நிற்பதுபோல் ஒரு படம் பதிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

சாந்தினி அந்தப் படத்தைத் திருத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குப் போனதும் அவள் முதலில் செய்வது கைக்கடிகாரம், மோதிரம், வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி போட்டுக்கொள்வாள். கம்பெனியில் அது கட்டாயம். சுவரில் ஒரு ஸ்பானரை மாட்டி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் கைதவறிப் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே போட்டது. நடுவில் எலி கடித்ததுபோல் இரும்பு உருகிப் போயிருக்கும். இரும்புக்கே அந்தக் கதி என்றால் கழுத்தில் கிடக்கும் தங்கம் என்னாகும் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீபனுக்கு விஷயம் தெரியும். "நல்லதுதான், கழட்டி வச்சிரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்காத" என்றான். கல்யாண மண்டபத்தில் பெரியம்மா ஒருத்தி, குளிக்கும்போதுகூடக் கழற்றக்கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். காளியம்மா அப்போது பக்கத்தில் நின்று தலையாட்டியதைச் சாந்தினி பார்த்திருக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி ஒரு தாளை நீட்டினார். சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். பழக்குலை ஏற்றும் மின்சார வண்டி, நாற்பத்தெட்டு வோல்ட், சார்ஜ் நிற்பதில்லை. பேட்டரியை மாற்ற வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

"தனியா போய்ட்டு வந்திருவியா?"

"போய்ட்டு வரேன் பாஸ்."

சிம்பாங் ரெங்கம் என்றதும் மாமியார் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் என்று நினைத்துக்கொண்டு கம்பெனி வேனை எடுத்தாள்.

தோட்ட ஆபீசில் உதவி மேனேஜர் ஸ்ரீதரன் காத்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த சிலோன் தமிழ்க் குடும்பம், தான் மட்டும்தான் தோட்டத்துக்கு வந்துவிட்டதாக, நடந்துகொண்டே அவனே சொன்னான். பேச்சு சுத்தமாக இருந்தது. நடை வேகமாக இருந்தது.

"வண்டியில பிரச்சினை இருக்கோ இல்லையோ, ஓட்டுறவங்க மேலதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அனுபவசாலிதான். ஆனா சார்ஜ் போடுறதுல கவனம் இல்லைன்னு நினைக்கிறேன். அவங்களைக் கேட்டா பேட்டரி மட்டம்ங்கிறாங்க. நீங்கதான் தீர்த்து வைக்கணும்."

தகரக் கொட்டகைக்குள் மூன்று சக்கர வண்டி ஒன்று நின்றது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் குலை கொட்டும் இரும்புத் தொட்டி. கைப்பிடியின் இரண்டு பக்கமும் யாரோ வெள்ளைப் பெயிண்டில் கொம்பு வரைந்திருந்தார்கள். கொம்புகளுக்கு நடுவில் தமிழில் பெரிய எழுத்து: எருமை.

வண்டியின் சீட்டில், முழுக்கைச் சட்டையும் ரப்பர் பூட்ஸும் தலையில் துண்டுமாகக் காளியம்மா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுவா அத்தை எருமை?" என்றாள் சாந்தினி.

"பின்ன என்னன்னு நெனச்ச?" என்று கேட்ட காளியம்மா, மருமகளின் நீல ஓவராலையும் பாதுகாப்புக் காலணியையும் கையில் இருந்த கருவிப் பெட்டியையும் மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஆபீஸ் வேலைன்னுல்ல சொன்ன?"

"நான் சொல்லலையே அத்தை. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க."

ஸ்ரீதரனின் முகம் மாறியது. சாந்தினி அவன் பக்கம் திரும்பினாள். மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், இவங்க என் மாமியார். இங்க வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. நீங்க வேணாம்னா சொல்லுங்க, நாளைக்கு வேற ஆள அனுப்பச் சொல்றேன்."

"இல்ல, அப்படி இல்ல. ஆனா ரிசல்ட் நாளைக்கு மேனேஜர்கிட்ட போகும். மருமகள் டெஸ்ட் பண்ணா மாமியார் சொன்னதுதான் வரும்னு யாராவது பேசிட்டா..."

"கருவி காட்டுற நம்பர நீங்களே படிங்க சார். நான் தொட மட்டும் செய்றேன். எழுதுறது நீங்க."

அது அவனுக்குப் பிடித்திருந்தது. "அப்ப என் மீட்டரையும் எடுத்துட்டு வரேன். ரெண்டுலயும் ஒரே நம்பர் வந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது" என்று ஆபீசுக்குப் போனான்.

அவன் போன பிறகு காளியம்மா வண்டியை விட்டு இறங்கி நின்றாள். கூரைத் தகரம் வெயிலில் டிக் டிக் என்றது.

"நான் பொய் சொல்லலம்மா. மெய்யாவே படுத்துக்குது" என்றாள் காளியம்மா மெதுவாக.

"தெரியும் அத்தை. பார்த்துருவோம்."

சாந்தினி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். சுவரில் சொருகியிருந்த சார்ஜரைப் பிடுங்கினாள். சீட்டைத் தூக்கி நிறுத்தினாள். உள்ளே நான்கு கறுப்புப் பேட்டரிகள், ஒன்றோடொன்று தடித்த கேபிளால் கோக்கப்பட்டு உட்கார்ந்திருந்தன. அவற்றிலிருந்து மோட்டாருக்குப் போகும் பெரிய பிளக்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் காற்றாடட்டும் என்று தள்ளி நின்றாள். சார்ஜ் ஆகும்போது இந்த மாதிரிப் பேட்டரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும், சின்னப் பொறி பட்டாலும் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னாள். வாசலில் சிகரெட்டோடு எட்டிப் பார்த்த ஓர் ஆளைக் காளியம்மா ஒரே பார்வையில் விரட்டிவிட்டாள்.

ஸ்ரீதரன் மஞ்சள் நிற மீட்டரோடு வேகமாக வந்தான். இரண்டு ஒயர்களும் ஏற்கெனவே மீட்டரில் சொருகியே இருந்தன. வந்த வேகத்திலேயே குனிந்து, கறுப்பு ஒயரின் கம்பி நுனியைப் பேட்டரியின் ஒரு முனையில் வைத்தான். சிவப்பை மறுமுனைக்குக் கொண்டுபோனான்.

சாந்தினியின் கண் அவன் கையைப் பார்க்கவில்லை, மீட்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தது. அடுத்த கணம் அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். சிவப்புக் கம்பியின் முனை பேட்டரிக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றது.

"சார். அப்படியே பின்னாடி வாங்க."

உதவி மேனேஜரின் கையைப் பிடித்து யாரும் தூக்கியதில்லை. அவன் இரண்டு அடி பின்னால் வந்தான். கொட்டகை வாசலில் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த நாலைந்து தோட்டத்து ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த மீட்டர கடைசியா எதுக்கு சார் யூஸ் பண்ணீங்க?"

"வீட்டுல மீன் தொட்டி பம்ப். எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்த்தேன். போன வாரம்."

சாந்தினி மீட்டரைத் திருப்பிக் காட்டினாள். அடியில் மூன்று ஓட்டைகள். கறுப்பு ஒயர் நடுவில் இருந்தது. சிவப்பு ஒயர் இடது ஓரத்தில், பத்து ஆம்பியர் என்று எழுதிய ஓட்டையில் இருந்தது.

"கரண்ட் அளக்குற ஓட்டை இது சார். உள்ள கிட்டத்தட்ட வெறும் கம்பிதான். இத வச்சு பேட்டரியோட ரெண்டு முனையையும் தொட்டா, நீங்க அளக்கல, ரெண்டு முனையையும் ஒரு கம்பியால சேத்துக் கட்டுறீங்க. இருக்குற சக்தியெல்லாம் ஒரே நேரத்துல உங்க கையில இருக்குற ஒயர் வழியா பாயும். நல்ல மீட்டரா இருந்தா உள்ள ஃபியூஸ் போகும். மட்டமான மீட்டரா இருந்தா ஒயர் எரியும், கம்பி முனை வெடிச்சு முகத்துல தெறிக்கும்."

"நான் டயல வோல்ட்லதானே வச்சிருக்கேன்?"

"டயலுக்கு அது தெரியாது சார். ஒயர் எங்க சொருகியிருக்கோ அதுதான் கணக்கு."

ஸ்ரீதரன் மீட்டரை வாங்கி உற்றுப் பார்த்தான். காது மடல் சிவந்துபோயிருந்தது. ஆனால் அவன் நேர்மையான ஆள். "ஆன்ட்டி, உங்க மருமகள் இல்லைன்னா இன்னைக்கு எனக்கு மீசை இருந்திருக்காது" என்றான் காளியம்மாவிடம்.

"கொஞ்சமாத்தான இருக்கு சார், போனா திரும்ப வளந்துரும்" என்றாள் காளியம்மா. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

சாந்தினி அவன் மீட்டரின் சிவப்பு ஒயரைப் பிடுங்கி, வோல்ட் என்று எழுதிய வலது ஓட்டையில் சொருகிக் கொடுத்தாள். பிறகு தன் பெட்டியைத் திறந்தாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டாள். கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் போட்டாள். மோதிரத்தைக் கழற்றினாள். இரண்டு வளையல்களையும் கழற்றினாள். பிறகு கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

காலையில் கம்பெனிக்கு வந்ததும் வராததுமாக முதலாளி தாளை நீட்ட, அலமாரிப் பக்கம் போகாமலே கிளம்பிவிட்டதால் தாலி கழுத்திலேயே இருந்தது. எதிரில் காளியம்மா. வாசலில் தோட்டத்து ஆட்கள். மண்டபத்தில் தலையாட்டிய முகம் நினைவுக்கு வந்தது. சாந்தினி கையை இறக்கிக்கொண்டாள். சங்கிலியை ஓவராலுக்குள் ஆழமாகத் தள்ளி, மேல் பித்தானைப் போட்டாள். ஒரு நாள்தானே, ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே அது சரியில்லை என்றும் தெரிந்தது.

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, டேப் சுற்றிய ஸ்பானரை எடுத்துக் குனிந்தாள். ஓவராலின் பித்தான் பழையது. நன்றாகக் குனிந்ததும் அவிழ்ந்துகொண்டது. சங்கிலி நழுவி வெளியே வந்து, பேட்டரிகளுக்கு மேல் ஊஞ்சலாடியது.

"நில்லு" என்றாள் காளியம்மா.

சாந்தினி நிமிர்ந்தாள்.

"கழுத்துல இருக்குறதக் கழட்டு."

"அத்தை, இது..."

"அது என்னன்னு எனக்குத் தெரியாதா? இப்பத்தான சாருக்கு அவ்வளவு நேரம் விளக்குன. கம்பி பட்டா வெடிக்கும்னா சங்கிலி பட்டா என்ன ஆகும்? கழுத்தோட கிடக்கு. கழட்டிக் குடு."

ஸ்ரீதரன் மரியாதையாகக் கூரைத் தகரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீங்க ஏதாவது நெனச்சுக்குவீங்களோன்னு..." என்று சாந்தினி இழுத்தாள்.

காளியம்மா வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் முழுக்கைச் சட்டையின் உள்பையைக் கொஞ்சம் விரித்தாள். உள்ளே ஊக்கால் குத்திய ஒரு சின்ன பிளாஸ்டிக் பை. அதற்குள் அவளுடைய தாலி.

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி மட்டை வெட்டுறப்ப முள்ளுல மாட்டிக் கழுத்த அறுக்கப் பாத்துச்சு. அன்னையிலருந்து வேலைக்கு வந்ததும் இங்க, வீட்டுக்குப் போறப்ப கழுத்துல. உங்க மாமாவுக்கே தெரியாது."

சாந்தினி அந்தப் பையைக் குனிந்து பார்த்தாள். "நானும் தினமும் கழட்டித்தான் வைக்கிறேன் அத்தை" என்றாள்.

"அது எனக்கு ரெண்டு மாசமா தெரியும். ஒருநா சாயங்காலம் கொக்கி முன்னாடி கிடந்துச்சு. அவசரத்துல போட்டா அப்படித்தான் கிடக்கும். எனக்குத் தெரியாதா?"

"ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா நீ திருப்பி என்னையக் கேப்பியே."

சாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையுறையோடு வாயைப் பொத்திக்கொள்ளப் போய், நினைவு வந்து கையை இறக்கினாள். கையுறையைக் கழற்றி, சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். காளியம்மா அதைத் தன்னுடையதோடு சேர்த்து அதே பையில் போட்டு ஊக்கை மாட்டினாள்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாக நடந்தது. சாந்தினி முதலில் தன் மீட்டரை வேன் பேட்டரியில் வைத்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு கொட்டகைக்கு வந்து, கறுப்புக் கம்பியை முதலில் எதிர்முனையில் வைத்தாள், சிவப்பை அடுத்து நேர்முனையில். எடுக்கும்போது சிவப்பை முதலில் எடுத்தாள்.

"நாற்பத்தெட்டு புள்ளி ஒன்பது" என்று ஸ்ரீதரன் படித்தான். அவன் மீட்டரிலும் அதுவே வந்தது. இந்த முறை ஒவ்வொரு கம்பியை வைக்கும் முன்னும் அவன் சாந்தினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்து, பேட்டரிகளைக் கோத்திருந்த கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றிய நுனிகள் எதிலும் பட்டுவிடாமல் ரப்பர் மூடி மாட்டினாள். பெட்டியிலிருந்து இன்னொரு கருவியை எடுத்தாள். அதில் முதலை வாய் மாதிரி சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப்புகள். பேட்டரியின் உள் ஆரோக்கியத்தைப் பார்ப்பதற்கென்றே உள்ள கருவி அது. ஒவ்வொரு பேட்டரியிலும் கிளிப்பைக் கடிக்க வைத்து, லேசாக அசைத்து நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பட்டனை அமுக்கினாள்.

"நல்ல நிலை, சார்ஜ் செய்யவும்னு வருது" என்றான் ஸ்ரீதரன்.

இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே. நான்காவதுக்கு வரும்போது காளியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அதுவும் நல்ல நிலைதான்.

சாந்தினி கிளிப்பைக் கழற்றி வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அத்தை, பேட்டரியில குத்தம் இல்ல. நாலும் நல்லாருக்கு."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா? இத்தனை நாளா தள்ளிக்கிட்டு வந்தது பொய்யா?"

ஸ்ரீதரன் தாளில் எழுதிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. ஆனால் 'நான் சொன்னேன் இல்லையா' என்று அவன் தோள்கள் சொன்னது மாதிரி இருந்தது.

"பொய்னு யாரும் சொல்லல அத்தை. கொஞ்சம் இருங்க. சார், நாலு பேட்டரிக்கும் எழுதுன வோல்ட் நம்பரத் திரும்பப் படிங்க."

"பன்னிரண்டு புள்ளி இரண்டு மூன்று. அடுத்தது புள்ளி இரண்டு ஒன்று. இரண்டு நான்கு. இரண்டு இரண்டு."

"ஒண்ணு கெட்டுப் போயிருந்தா அது மட்டும் தனியா கீழ விழுந்திருக்கும். இங்க நாலும் ஒரே மாதிரி பாதி வயிறாத்தான் இருக்கு. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுன பேட்டரி காலையில இப்படி இருக்காது. நாலும் சேந்து அம்பத்தொண்ணு பக்கம் நிக்கணும்." அவள் மாமியாரைப் பார்த்தாள். "நேத்து எத்தன மணிக்கு சொருகுனீங்க அத்தை?"

"மூணு. எப்பவும் மூணுதான். சிவப்பு லைட் எரியிறதப் பாத்துட்டுத்தான் வேன் ஏறுவேன்."

"காலையில வர்றப்ப?"

"அப்பவும் சிவப்புதான் எரியும். நல்லா எரியும்."

"பச்சை?"

காளியம்மா யோசித்தாள். "வண்டி வந்த புதுசுல காலையில பச்சையா இருக்கும். அப்புறம் அந்த லைட் போயிருச்சுன்னு நெனச்சேன்."

சார்ஜர் கெட்டிருக்குமோ என்று சாந்தினி கேபிள்களை மறுபடி கோத்து, இறுக்கி, சார்ஜரைச் சொருகிப் பார்த்தாள். வோல்ட் மளமளவென்று ஏறியது. சார்ஜரிலும் குற்றமில்லை. பேட்டரி நல்லது, சார்ஜர் நல்லது, சொருகுகிறவளும் சொருகுகிறாள். அப்படியும் வயிறு நிறையவில்லை.

வாசலில் நின்ற கூட்டத்தில் இருந்து, தூக்கம் கலையாத கண்ணோடு ஒருவர் முன்னால் வந்தார். இரவுக் காவலாளி வீரமுத்து. வேலை முடிந்தும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டவர்.

"எத்தன மணி நேரம்மா சார்ஜ் ஏறணும்?"

"ஒம்பது, பத்து மணி நேரம் ஆகும் அண்ணே."

"அப்ப அது எப்படி ஏறும்? ஏழு மணிக்கு நான் மெயின அடைச்சிருவனே. காலையில பேர் கூப்பிட பெரட்டுக்கு ஆள் கூடுறப்பதான் திரும்பப் போடுவேன்."

காளியம்மா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "மெயின அடைக்கிறீங்களா? யாரக் கேட்டு அண்ணே?"

"யாரக் கேக்குறது? நோட்டீஸ் ஒட்டியிருக்குல்ல."

அவர் கொட்டகைக் கதவை இழுத்துக் காட்டினார். கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால், அதன் பின்பக்கம் ஒட்டிய தாளை யாரும் படித்ததில்லை. மின்சாரச் சிக்கனம் கருதி, தினமும் மாலை ஏழு மணிக்குக் கொட்டகையின் பிரதான மின்விசையை அணைக்கவும் என்று மலாயிலும் தமிழிலும் அழகாக அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்து. மார்ச் மாதத் தேதி.

ஸ்ரீதரன் கிட்டே போய்ப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"அலமாக்" என்று மலாயில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. உதவி மேனேஜர் ஆயிற்றே. காளியம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். தோள் குலுங்கியது, துண்டால் வாயை மூடிக்கொண்டாள், ஆனாலும் நிற்கவில்லை. பிறகு வீரமுத்து, பிறகு வாசலில் நின்றவர்கள், கடைசியில் ஸ்ரீதரனே கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"லைட் எல்லாம் விடிய விடிய எரியுதேன்னுதான் ஆன்ட்டி போட்டேன். இந்த வண்டி ஞாபகமே இல்ல." அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராக நின்றான். "உங்க மேல சந்தேகப்பட்டது தப்பு. மன்னிச்சிருங்க."

"பரவால்ல சார். நானும் பேட்டரிய எவ்வளவோ திட்டிட்டேன். அது பாவம்."

அவன் பேனாவை எடுத்து அந்த நோட்டீசை அங்கேயே திருத்தப் போனான். பிறகு முழுசாகக் கிழித்துவிட்டு, விளக்குகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுவிட்ச் வைக்க எலக்ட்ரீஷியனை வரச் சொல்வதாகச் சொன்னான். அறிக்கையில் 'பேட்டரி மாற்றத் தேவையில்லை' என்று எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'நிர்வாகத் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, இவன் நல்லவன்தான் என்று சாந்தினி நினைத்துக்கொண்டாள்.

சாந்தினி வேனில் ஏறும் முன் காளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஊக்கை அவிழ்த்தாள். இரண்டு சங்கிலிகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. வேன் கதவோரம் நின்று, இரண்டு பேரும் நகத்தால் பிரித்து எடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

"வீட்டுல இதெல்லாம் சொல்லணுமா அத்தை?"

"உங்க மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவரு பதினோரு வருசம் கவனிக்கல. இப்ப என்ன கேக்கப்போறாரு."

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, மறுபரிசோதனைக்காகச் சாந்தினி தோட்டத்துக்கு வந்தாள். கையில் காளியம்மாவுக்கென்று ஒரு சின்ன மீட்டர் கொண்டுவந்திருந்தாள். அதன் ஆம்பியர் ஓட்டையைச் சிவப்பு டேப்பால் இறுக்கி மூடியிருந்தாள், யார் நினைத்தாலும் ஒயரை அங்கே சொருக முடியாது. கறுப்பு முதலில், சிவப்பு அடுத்தது, எடுக்கும்போது சிவப்பு முதலில் என்று ஒருமுறைதான் சொன்னாள். காளியம்மா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கையுறை மாட்டி, கண்ணாடி போட்டு, கம்பிகளை வைத்தாள்.

"அம்பத்தொண்ணு."

"புள்ளி?"

"சைபர்."

"போதும் அத்தை. நல்லா நெறஞ்சிருக்கு."

காளியம்மா சீட்டை இறக்கி, ஏறி உட்கார்ந்தாள். "ஏறு" என்றாள், பின்னால் தொட்டியைக் காட்டி.

"நான் வேலையில இருக்கேன் அத்தை."

"இதுவும் வேலைதான். ஏத்தத்துல இழுக்குதான்னு பாக்க வேணாமா?"

அதில் நியாயம் இருந்தது. சாந்தினி தொட்டிக்குள் ஏறி, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வண்டி சத்தமில்லாமல் கொட்டகையை விட்டு நகர்ந்தது. செம்மண் பாதையில் செம்பனைகளுக்கு நடுவே போனது. ஆபீஸ் வாசலில் நின்ற ஸ்ரீதரன் பேனாவைத் தூக்கிக் காட்டினான். இரண்டாவது திருப்பத்தில் பாதை செங்குத்தாக ஏறியது. "இங்கதான் வழக்கமா படுத்துக்கும்" என்று காளியம்மா முன்னாலிருந்து கத்தினாள்.

வண்டி நிற்கவில்லை. மேட்டின் உச்சிக்கு ஏறியதும் மரங்கள் விலகி, தூரத்தில் நெடுஞ்சாலையும் அதற்கப்பால் நீலமாகக் கொஞ்சம் மலையும் தெரிந்தன. குலைகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள், தொட்டிக்குள் நிற்கும் நீல ஓவரால் பெண்ணைப் பார்த்து யார் என்று கேட்டார்கள்.

"என் மருமக" என்றாள் காளியம்மா. "இந்த வண்டிக்கு டாக்டரு. தள்ளி நில்லுங்க, அவ எறங்கட்டும். மொதல்ல பத்துக் குலை ஏத்துங்க, இழுக்குதான்னு அவ பாக்கட்டும்."